சிறு நூலும் பெரிய பதிவேடும்
வழங்கி நிரலாக்கம் கற்கப் புகும் எம்மவர் கவனத்துக்கு

ஐரோப்பிய நகரங்களின் பொது நூலகங்களிலே கணனி நூல்கள் அடுக்கப்பட்டுள்ள தட்டுகளில் இரு வகை நூல்களைக் காணலாம். ஒரு வகை 1000 பக்கங்களைத் தாண்டியது. கையில் எடுத்தால் செங்கல்லைப் போற் கனப்பது. மற்றையது 100 அல்லது 150 பக்கங்களில் முடிவது. குளிர்கால மேலங்கியின் பைக்குள் அடங்கிவிடுவது. புதிதாகக் கற்கப் புகுபவர் பெரும்பாலும் கனத்த நூலையே நாடுகின்றார். பெரிய நூலில் எல்லாம் இருக்கும், சிறிய நூலில் ஏதோ குறையும் என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

இணையத்தளங்களின் பின்னணியில் இயங்கும் நிரல்களை எழுதும் தொழிலைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் பாதி சரி, பாதி தவறு. பகலில் உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை, மாலையில் மொழி வகுப்பு, இரவில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் என்று நாளைப் பங்கிட்ட பின்னர் மிஞ்சும் ஒரு மணித்தியாலத்தில் கற்கவேண்டிய எம்மவர்க்குச் சிறு நூலே உகந்தது. ஆயினும் அச்சிறு நூல் சொல்லாது விடும் விடயங்கள் சில உள்ளன. அவற்றை அறியாமல், பிறருடைய பெயரையும் முகவரியையும் சேகரிக்கும் தளமொன்றைத் திறந்துவைப்பது ஆபத்தானது. இவ்விரு கருத்துகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கச்சேரி யன்னலுக்கு அப்பால்

ஜெனீவாவில் உள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989 இல் முன்மொழிந்து, 1991 இல் வெளியுலகுக்கு அறிமுகஞ் செய்த உலகளாவிய வலை, தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு வாசிகசாலையையே ஒத்திருந்தது. ஒரு கணனியில் வைக்கப்பட்ட பக்கத்தை இன்னொரு கணனியிலிருந்து கேட்டால், வைத்தது வைத்தபடியே வரும். கேட்பவர் எவராயினும் பக்கம் ஒன்றுதான். 1993 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் வகுக்கப்பட்ட சி.ஜி.ஐ. என்னும் நியமம் இந்நிலையை மாற்றியது. பக்கத்தை ஒருவர் கேட்கும்போது, அதனை வைத்திருக்கும் கணனியில் ஒரு நிரல் இயங்கி, அந்த நேரத்திலேயே அவருக்குரிய பக்கத்தை ஆக்கித் தருவதற்கு அது வழிசெய்தது. கேட்டதை வழங்கும் அக்கணனியே சேர்வர் என்று வழக்கில் அழைக்கப்படும் வழங்கி. அதில் இயங்கும் நிரல்களை எழுதுவதே வழங்கி நிரலாக்கம்.

ஊரிலே கச்சேரியில் அலுவல் பார்த்தவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. யன்னலுக்கு இப்பால் நிற்பவர் விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பி நீட்டுகின்றார். அப்பால் இருக்கும் இலிகிதர் அதனை வாங்கிப் பார்க்கின்றார். உள்ளே சென்று பதிவேட்டைப் புரட்டுகின்றார். பதிலை ஒரு தாளில் எழுதி நீட்டுகின்றார். விண்ணப்பதாரர் பதிவேட்டைக் காண்பதில்லை. பதிலை மாத்திரமே காண்கின்றார். எமது கைத்தொலைபேசியிலுள்ள உலாவியே விண்ணப்பதாரர். வழங்கியே கச்சேரி. தரவுத்தளம் உள்ளறையில் இருக்கும் பதிவேடு. இலிகிதர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சுற்றுநிருபமே நிரல்.

இந்த இலிகிதரிடம் இரு குறைகள் உள்ளன. முதலாவது, அவருக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் கொடுத்ததும் அந்த ஆளை மறந்துவிடுவார். வலையின் அடிப்படை ஒழுங்கு அப்படியே அமைக்கப்பட்டது. இதற்குப் பரிகாரமாக 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்ருலி 'குக்கி' என்ற உபாயத்தைப் புகுத்தினார். இலிகிதர் இலக்கமிட்ட துண்டொன்றைக் கொடுத்தனுப்புவார்; விண்ணப்பதாரர் மறுபடியும் வரும்போது அத்துண்டைக் காட்டுவார். இரண்டாவது குறை இதனிலும் பெரியது. இலிகிதருக்குச் சொந்த விவேகம் கிடையாது. சுற்றுநிருபத்தில் உள்ளதை உள்ளபடி செய்வார், இல்லாததைச் செய்யார். இக்குறையின் விளைவுகளைப் பின்னர் பார்ப்போம்.

பி.எச்.பி. பிறந்த கதை

தொடக்க காலத்தில் இத்தகைய நிரல்களைப் பலர் லறி வோல் 1987 இல் உருவாக்கிய பேர்ள் மொழியில் எழுதினர். கிறீன்லாந்திலே பிறந்து கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பயின்ற றஸ்மஸ் லேர்டோர்வ், தமது சுயவிபரக் கோவையை இணையத்தில் எத்தனை பேர் பார்வையிடுகின்றனர் என்று அறிவதற்காகச் சில சிறு கருவிகளை 1994 இல் எழுதினார். 1995 யூன் மாதத்தில் அவற்றை எவரும் பாவிக்கலாம் என்று வெளியிட்டார். அதுவே பி.எச்.பி. மொழியின் தொடக்கம். இஸ்ரேலின் தெக்னியன் நிறுவனத்தில் மாணவர்களாயிருந்த சீவ் சுரஸ்கி, அன்டி கட்மன்ஸ் ஆகிய இருவரும் 1997 இல் அதன் உள்ளமைப்பைப் புதிதாக எழுதினர். மூன்றாம் பதிப்பு 1998 யூனில் வெளிவந்தது.

இம்மொழி பரவியமைக்குக் காரணம் அதன் எளிமை. சாதாரண வலைப்பக்கம் ஒன்றின் நடுவே கோணக்குறியும் வினாக்குறியும் இட்டு, அதற்குள் இரண்டு வரி நிரலை எழுதினாற் போதும், பக்கம் உயிர்பெற்றுவிடும். விக்கிப்பீடியா 2001 இல் பேர்ள் மொழியில் எழுதப்பட்ட மென்பொருளுடன் தொடங்கியது. 2002 சனவரியில், யேர்மனியின் கேள்ன் நகரில் உயிரியல் பயின்றுகொண்டிருந்த மக்னுஸ் மன்ஸ்கெ என்ற மாணவர் பி.எச்.பி.யில் எழுதிய மென்பொருளுக்கு அது மாறியது. அந்த வழியில் வளர்ந்ததே இன்றைய மீடியாவிக்கி. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் இணையத்தில் ஆவணப்படுத்திவரும் நூலகம் தளமும் இம்மென்பொருளின் மீதே எழுந்தவை.

சிறு நூல் ஏன் போதும்

1978 இல் பிறயன் கேர்ணிகனும் டெனிஸ் றிச்சியும் சி மொழியைப் பற்றி எழுதிய நூல் 228 பக்கங்களைக் கொண்டது. திரையில் ஒரு வணக்கச் சொல்லைத் தோன்றச் செய்வதே அதன் முதற் பயிற்சி. இன்று எந்த மொழியைக் கற்பவரும் அப்பயிற்சியுடனேயே தொடங்குகின்றனர். கணனித் துறையில் தலைமுறைகளை உருவாக்கிய நூல் இத்தனை மெலிதாயிருந்ததற்குக் காரணம், அடிப்படை எண்ணங்கள் எப்போதும் சிலவாகவே இருப்பதுதான்.

வழங்கி நிரலாக்கத்திலும் அவ்வாறே. நல்லதொரு சிறு நூல் ஐந்து விடயங்களைக் கற்பிக்கும். விண்ணப்பம் எவ்வாறு வந்து பதில் எவ்வாறு செல்கின்றது என்பது முதலாவது. படிவத்தில் நிரப்பியவற்றை நிரல் எவ்வாறு வாங்கிக்கொள்கின்றது என்பது இரண்டாவது. நிபந்தனையும் மீள்செயலும், அதாவது 'இப்படியானால் இதைச் செய்', 'இத்தனை தடவை செய்' என்ற கட்டளைகள், மூன்றாவது. தரவுத்தளத்தில் எழுதுவதும் தேடுவதும் நான்காவது. வந்தவர் யார் என்பதை நினைவில் வைத்திருப்பது ஐந்தாவது. பி.எச்.பி.க்குப் பதிலாகப் பைதன் மொழியிலோ, 2009 இல் வெளிவந்த நோட் என்னும் அமைப்பின் துணையுடன் யாவாஸ்கிரிப்ற் மொழியிலோ கற்றாலும் இந்த ஐந்துமே வரும். உடை மாறுமேயன்றி உடல் மாறாது.

இரண்டாம் மொழியில் வாசிக்க வேண்டியவர்களுக்கு இன்னுமொரு நன்மை உண்டு. யேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோ 1000 பக்க நூலைத் தொடங்குபவர் பலர் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிடுகின்றனர். 120 பக்க நூலை முடிக்கலாம். முடித்த நூல் தரும் துணிவு, பாதியில் மூடிய நூலால் வாராது. அத்துடன் துறைச் சொற்கள் மறுபடியும் மறுபடியும் வருவதால், நூல் முடியும்போது அந்நாட்டு மொழியிற் சில நூறு சொற்களும் கூடவே வசமாகிவிடும். வேலைக்கான நேர்முகத்தேர்வில் கேட்கப்படுபவை அச்சொற்களே.

செலவும் பெரிதன்று. பழைய மடிக்கணனி ஒன்று போதும். வழங்கி மென்பொருள், மொழி, தரவுத்தளம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறுவித் தரும் எக்ஸாம்ப் போன்ற தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுக் கணனியே வழங்கியாகவும் விண்ணப்பதாரராகவும் இயங்கும். இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. கூட்டாகக் கற்க விரும்புவோருக்கும் வழி உண்டு. 2015 இல் ஐரோப்பாவுக்குப் பெருந்தொகையாக அகதிகள் வந்ததைத் தொடர்ந்து, அவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் பள்ளிகள் பல நகரங்களில் எழுந்தன. பேர்லினில் றெடி பள்ளி, அம்ஸ்ரர்டாமில் ஹக் யுவர் பியூச்சர், சுவிற்சர்லாந்தில் பவர்கோடர்ஸ் ஆகியன அவற்றுட் சில.

வாசிக்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. நூலிலுள்ள நிரலைக் கண்ணால் வாசித்துச் செல்வது, நீச்சலைக் கரையில் நின்று கற்பதற்கு ஒப்பானது. ஒவ்வொரு வரியையும் கையால் தட்டெழுத வேண்டும். அது இயங்கியதும் வேண்டுமென்றே ஓர் எழுத்தை அழித்துவிட்டு, கணனி என்ன பிழைச்செய்தி தருகின்றது என்று பார்க்க வேண்டும். தொழிலில் இறங்கியபின் ஒரு நிரலாளரின் நேரத்திற் பெரும்பகுதி பிழைச்செய்திகளை வாசிப்பதிலேயே கழியும். அதற்கான பழக்கத்தை நூலின் முதலாம் நாளிலிருந்தே தொடங்கலாம்.

பதிப்பாண்டைப் பாருங்கள்

நூலகத்தில் நூலை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பாண்டு. பழைய நூல்கள் கற்பித்த சில பழக்கங்கள் இன்று கைவிடப்பட்டவை. படிவத்தில் ஒருவர் நிரப்பி அனுப்பும் எதுவும் தானாகவே நிரலின் மாறியாகிவிடும் வசதியொன்று தொடக்கத்தில் பி.எச்.பி.யில் இருந்தது. கற்பவருக்கு அது இலகு, கள்ளருக்கும் இலகு. 2002 இல் அது வழமையாக இயங்காதவாறு நிறுத்தப்பட்டு, 2012 இல் மொழியிலிருந்தே நீக்கப்பட்டது. மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்துடன் பேசுவதற்குப் பழைய நூல்கள் கற்பித்த கட்டளைத் தொகுதி, 2015 டிசெம்பரில் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அகற்றப்பட்டது. அந்நூல்களிலுள்ள நிரல்களை இன்று தட்டெழுதினால் பிழைச்செய்தி மாத்திரமே வரும். ஆகையால் 2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பையோ, குறைந்தது ஏழாம் பதிப்பையோ பற்றிப் பேசும் நூலைத் தெரிவுசெய்வது நன்று.

சொல்லாது விடப்படுவது: நம்பிக்கை

இப்போது குறைகளுக்கு வருவோம். சிறு நூலின் ஆசிரியர், படிவத்தை நிரப்புபவர் நல்லவர் என்று எடுத்துக்கொண்டே எழுதுகின்றார். 'பெயர்' என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதுவார் என்பது அவரது எண்ணம். பக்கம் குறைவாதலால் அதற்குமேல் விளக்க இடமில்லை.

ஆனால் அவ்விடத்தில் ஒருவர், 'கந்தையா. அத்துடன் பதிவேட்டிலுள்ள அனைவரது விபரங்களையும் எனக்குத் தரவும்' என்று எழுதினால் என்னவாகும்? மனித இலிகிதராயின் சிரித்துவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பார். விவேகமற்ற எமது இலிகிதரோ, சுற்றுநிருபத்தின் வாசகத்துடன் பத்திரத்திலுள்ளதையும் ஒட்டி, இரண்டையும் ஒரே கட்டளையாக வாசித்து, பதிவேடு முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடுவார். தரவுத்தளத்துடன் பேசும் எஸ்.கியூ.எல். மொழியின் பெயரால், எஸ்.கியூ.எல். ஊடுருத்தல் என்று இந்த மோசடி அழைக்கப்படுகின்றது. கணனி ஊடுருவல் பற்றிய சஞ்சிகையொன்றில் 1998 டிசெம்பரிலேயே இது விபரிக்கப்பட்டுவிட்டது.

அதற்குப் பதினேழு ஆண்டுகளின் பின்னர், 2015 ஒக்ரோபரில், பிரித்தானியாவின் டோக்டோக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நிகழ்ந்ததும் இதே மோசடிதான். 156,959 வாடிக்கையாளரின் விபரங்கள் திருடப்பட்டன. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விபரங்களும் அகப்பட்டன. அந்நிறுவனம் முன்னர் வாங்கிய இன்னொரு நிறுவனத்திலிருந்து வந்துசேர்ந்து, கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய பக்கங்களே கள்ளருக்கு வாசலாயின. பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம் 2016 இல் 400,000 பவுண் தண்டம் விதித்தது.

பரிகாரம் சிக்கலானதன்று. கட்டளையை முன்கூட்டியே அச்சிட்டு, பெயருக்குரிய இடத்தை மாத்திரம் வெற்றிடமாக விடவேண்டும். வெற்றிடத்தில் எது எழுதப்பட்டாலும் அது வெறும் பெயராகவே கொள்ளப்படும், கட்டளையாக வாசிக்கப்படாது. 'தயார்செய்த கட்டளை' எனப்படும் இம்முறை எல்லா மொழிகளிலும் உண்டு. எழுதுவதற்கு இரண்டு வரிகள் மேலதிகமாகத் தேவைப்படும், அவ்வளவே.

இதன் உடன்பிறப்பு இன்னொன்று. விருந்தினர் பதிவேடு போன்ற பக்கத்தில் ஒருவர் வாழ்த்துக்குப் பதிலாக யாவாஸ்கிரிப்ற் கட்டளையை எழுதிவைத்தால், அப்பக்கத்தைத் திறக்கும் ஏனையோரின் உலாவியில் அக்கட்டளை இயங்கும். அவர்களின் 'துண்டு' களவாடப்படலாம். பிறர் எழுதியதைத் திரையில் இடும்போது கோணக்குறிகளை வெறும் எழுத்துகளாக மாற்றிவிடுவதே இதற்கான காப்பு. பி.எச்.பி.யில் இதற்கென ஒற்றைக் கட்டளையே உள்ளது.

கடவுச்சொற்களை எழுதியபடியே சேமித்து வைப்பதும் பெருந்தவறு. அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாதவாறு, கடவுச்சொல்லை மீட்க இயலாத உருவுக்கு மாற்றியே வைக்க வேண்டும். மறுமுறை வருபவர் தரும் சொல்லையும் அவ்வாறே அரைத்து, இரு மாவும் ஒன்றா என்று ஒப்பிட்டாற் போதும். 2013 இல் வெளிவந்த பி.எச்.பி. 5.5 பதிப்பு முதல் இதற்கான வசதி மொழிக்குள்ளேயே தரப்பட்டுள்ளது. அதற்கு முந்திய நூல்கள் சொல்லும் முறைகளைப் பின்பற்றலாகாது.

சொல்லாது விடப்படுவது: எமது எழுத்து

இரண்டாவது குறை தமிழரைச் சிறப்பாகப் பாதிப்பது. ஆங்கில நூல்களிலுள்ள பயிற்சிகள், ஓர் எழுத்துக்குக் கணனியில் ஒரு பைற் இடம் என்று கொண்டு எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் யாழ்ப்பாணத்தின் பெயரை எழுத ஆறு எழுத்து, ஆறு பைற். தமிழிலும் யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறெழுத்தே. ஆனால் யூனிகோட் முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 11 குறிகளாகின்றது. இன்று வழக்கிலுள்ள யூ.ரி.எவ்.-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைற் வேண்டும். ஆகவே மொத்தம் 33 பைற்.

ஊரின் பெயருக்கு 20 பைற் போதும் என்று நிரலில் எல்லை வைத்தால், 'யாழ்ப்' என்பது வரை வந்து, அடுத்த எழுத்து நடுவே வெட்டப்பட்டு, வினாக்குறி கொண்ட கரும்பெட்டி ஒன்று தோன்றும். பி.எச்.பி.யின் சாதாரண நீளம் அளக்கும் கட்டளை 33 என்று சொல்லும். பல்மொழிக்கான கட்டளை 11 என்று சொல்லும். எழுத்தை எழுத்தாக எண்ணும் மூன்றாவது கட்டளையே 6 என்று சரியாகச் சொல்லும். சிறு நூல்கள் பெரும்பாலும் முதலாவதை மாத்திரமே கற்பிக்கின்றன.

அகரவரிசையும் அவ்வாறே. யூனிகோட் அட்டவணையில் ன, ற, ள, ழ ஆகிய எழுத்துகள் எமது நெடுங்கணக்கின் ஒழுங்கில் இல்லை. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டுள்ளன. எனவே கணனியிடம் வெறுமனே 'வரிசைப்படுத்து' என்றால், வன்னி முன்னும் வவுனியா பின்னும் வரும். எமது அகராதி வழக்கின்படி வவுனியாவே முந்தியது. மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் வசதி பி.எச்.பி.யிற் தனியாக உண்டு, கேட்டுப் பெறவேண்டும்.

தரவுத்தளத்தை அமைக்கும்போதும் கவனம் வேண்டும். மை எஸ்.கியூ.எல். 2018 இல் வெளிவந்த 8.0 பதிப்புவரை, வேறு கட்டளை இல்லாதவிடத்து, மேற்கைரோப்பிய எழுத்துகளுக்கான குறியேற்றத்தையே எடுத்துக்கொண்டது. அத்தகைய பழைய அமைப்புகளில் தமிழ்ப் பெயரை இட்டால் வரிசையாக வினாக்குறிகள் சேமிக்கப்படக்கூடும். பின்னர் எதனைத் திருத்தினாலும் அப்பெயர் மீளாது.

பதிவேட்டில் இருப்பவர்கள் யார்?

மூன்றாவது குறையே பெரியது. பெயரை எவ்வாறு சேமிப்பது என்று நூல் கற்பிக்கின்றது. சேமிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பதில்லை.

2022 சனவரி 18 அன்று, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தனது தரவுகளை வைத்திருந்த வழங்கிகளுள் அந்நியர் புகுந்திருப்பதைக் கண்டறிந்தது. 515,000 இற்கும் மேற்பட்டவர்களின் விபரங்கள் அவற்றில் இருந்தன. போராலும் புலப்பெயர்வாலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், அவர்களைத் தேடும் உறவினர், தடுப்புக்காவலில் இருந்தோர் ஆகியோரின் விபரங்கள் அவை. உலகெங்குமுள்ள 60 தேசியச் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களேனும் அவற்றைச் சேகரித்து வழங்கியிருந்தன. ஒரு மென்பொருளில் அறியப்பட்டிருந்த ஓட்டை உரிய காலத்தில் அடைக்கப்படாமையே வழியாயிற்று. 2021 நவம்பர் 9 அன்று புகுந்தவர்கள் 70 நாட்கள் உள்ளேயே இருந்தனர்.

காணாமற்போன பிள்ளையைத் தேடிச் செஞ்சிலுவைக்கு விண்ணப்பம் எழுதிய குடும்பங்கள் எம்மிடையே எத்தனையோ உள்ளன. அந்த விண்ணப்பத்தில் என்னென்ன எழுதப்பட்டிருக்கும் என்பதை அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பெயர், பிறந்த ஊர், கடைசியாகக் கண்ட இடம், உறவினரின் தற்போதைய முகவரி ஆகிய நான்கும் ஒரே வரியில் இருந்தால், அந்த வரி எவர் கையிற் சேர்கின்றது என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாகிவிடும். நிபுணர்கள் பலரைக் கொண்ட உலக நிறுவனத்துக்கே இந்நிலை நேர்ந்ததென்றால், ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதி, பின்னர் வேலை மாறிப் போய்விட்டபின் எவரும் திறந்து பாராத சங்கத் தளத்தின் நிலை என்னவாயிருக்கும்?

எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் அங்கத்தவர் பட்டியலையும் மாணவர் விபரங்களையும் நன்கொடையாளர் பெயர்களையும் வைத்திருக்கின்றன. வதிவிட அனுமதிக்காகக் காத்திருப்போரின் பெயர்களும், தாயகத்தில் உறவினர் உள்ளோரின் பெயர்களும் அவற்றில் இருக்கும். சிறு நூலைக் கற்ற இளைஞரிடம் 'தம்பி, எங்கடை சங்கத்துக்கும் ஒரு தளம் செய்து தாரும்' என்று கேட்கும்போது, அவரிடம் ஒப்படைக்கப்படுவது இந்தப் பதிவேடே.

சட்டமும் இங்கு குறுக்கே நிற்கின்றது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, ஒன்றிய நாடுகளில் மாத்திரமன்றி நோர்வேயிலும் செல்லுபடியாகும். பிரித்தானியாவிலும் சுவிற்சர்லாந்திலும் அதனையொத்த சட்டங்கள் உள்ளன. குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையானவற்றை மாத்திரமே கேட்கலாம். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். தரவு கசிந்து அதனால் எவருக்கேனும் தீங்கு நேரக்கூடுமாயின், அறிந்த 72 மணித்தியாலங்களுக்குள் உரிய அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்பன ஐரோப்பிய விதியின் சாரம். தொண்டர் சங்கம் என்பதால் விலக்குக் கிடையாது.

ஆகவே படிவத்தில் ஒவ்வோர் இடத்தையும் சேர்க்குமுன் 'இது எதற்கு?' என்று கேட்க வேண்டும். பொங்கல் விழாவுக்கு எத்தனை பேர் வருவர் என்று அறிய எண்ணிக்கை போதும். பிறந்த திகதியும் பிறந்த ஊரும் வேண்டா. சேமிக்காத விபரத்தை எந்தக் கள்ளராலும் திருட இயலாது. தளத்தைத் திறக்குமுன், அதனை யார் புதுப்பிப்பார், அவர் விலகினால் அடுத்தவர் யார் என்பதும் சங்கக் கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும்.

இயந்திரமே எழுதித் தரும்போது

செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் நிரலை எழுதித் தரும் இக்காலத்தில் நூலொன்றை எடுத்துக் கற்பதேன் என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. படிவத்தை அது எழுதித் தரும். பெரும்பாலும் சரியாகவே எழுதித் தரும். ஆயினும் பத்திரத்தின் வெற்றிடம் சரியாக மூடப்பட்டுள்ளதா, ஊரின் பெயர் நடுவே வெட்டப்படுகின்றதா, வேண்டாத விபரம் கேட்கப்படுகின்றதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தளத்தைத் திறந்தவர் என்ற பொறுப்பு இயந்திரத்துக்கு இல்லை. எழுதுவதற்காகக் கற்ற காலம் போய், வாசித்துத் தீர்ப்புக் கூறுவதற்காகக் கற்கும் காலம் வந்துள்ளது. அதற்கும் அந்த ஐந்து அத்தியாயங்களே அடிப்படை.

எங்கிருந்து தொடங்குவது

கற்கத் தொடங்குவோர் இந்த ஒழுங்கைப் பின்பற்றலாம். அண்மையில் அச்சான சிறு நூலொன்றைத் தெரிந்து, நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்து, தட்டெழுதியபடியே முடியுங்கள். முடித்ததும் மனிதரின் பெயரில்லாத தரவுத்தளம் ஒன்றைப் பயிற்சிக்கு எடுங்கள். தமிழ்ப் பாடசாலை நூலகத்திலுள்ள நூல்களின் பட்டியல் நல்ல தொடக்கம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றைத் தமிழிலேயே இட்டு, அகரவரிசை சரியாக வருகின்றதா என்று பாருங்கள். அடுத்து, நீங்களே கள்ளராக மாறி, தேடும் இடத்தில் கட்டளைகளை எழுதி உங்கள் தளத்தை உடைக்க முயலுங்கள். உடைந்தால் அடையுங்கள், மறுபடியும் முயலுங்கள். அதன் பின்னர் மீடியாவிக்கி போன்ற திறந்த மென்பொருளின் நிரலை வாசியுங்கள். அது எவரும் பார்வையிடக்கூடியவாறு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளது. பல்லாண்டு அனுபவமுள்ளோர் இதே பிரச்சினைகளை எவ்வாறு கையாண்டனர் என்பதை அதிற் காணலாம்.

நூல்களின் பட்டியல் கசிந்தால் எவருக்கும் தீங்கில்லை. அதனைக் குறையின்றி நடத்தக் கற்றுக்கொண்டவரிடம், மனிதரின் பெயர்களை நம்பி ஒப்படைக்கலாம். அத்தகைய சிலரேனும் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பார்களாயின், எமது பதிவேடுகள் எமது கைகளிலேயே பத்திரமாக இருக்கும்.